இலையையும் எடுங்கோ!

(கிளைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மலைப் பூக்களைப் படம் எடுத்த அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். நான் போட்டோகிராபர் அல்ல. பி.எஸ்ஸி. தாவரவியல் படித்துவிட்டு, வேலைக்காலம் முழுவதும் அரசாங்கக் கோப்புகளில் குறிப்பு எழுதியவன். 2010-ல் ஓய்வு பெற்றேன். மறுவருடம் ஆகஸ்டில் நானும் என் மனைவியும் உத்தராகண்டில் உள்ள பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போனோம். 1931-ல் காமெட் சிகரம் ஏறித் திரும்பிய பிராங்க் ஸ்மைத் குழுவினர் தற்செயலாகக் கண்ட இடம். 1982-ல் தேசியப் பூங்காவாகி, 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கோவிந்த்காட்டிலிருந்து காங்கரியாவுக்கு அப்போது சுமார் 13 கிலோமீட்டர் ஏற்றம். இப்போது புல்னா வரை வண்டி போகிறது. காங்கரியாவில் தங்கி, காலையில் பள்ளத்தாக்குக்குப் போய் மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். உள்ளே குதிரை கிடையாது. பூவைப் பறிக்கவும் கூடாது.

1969-ல் கல்லூரியிலிருந்து கொடைக்கானல் போனபோது நாங்கள் செடியை வேரோடு பிடுங்கி, செய்தித்தாளுக்கு நடுவே அழுத்தி உலர்த்தி, அட்டையில் ஒட்டிப் புரொபசரிடம் கொடுத்தோம். இன்று அந்த அட்டையின் வேலையைக் கேமராதான் செய்ய வேண்டும். இது எனக்கு அங்கே உறைக்கவில்லை.

என்னுடையது சட்டைப்பையில் அடங்கும் சின்ன டிஜிட்டல் கேமரா. பூப் படம் போட்ட மேக்ரோ குறியில் வைத்து, ஜூமை இழுக்காமல், பூவுக்கு நாலு விரற்கடை அருகில் கொண்டுபோனால் மகரந்தத் தூள்கூடத் தெரியும். மெல்லிய பூவாக இருந்தால் கேமரா அதை விட்டுப் பின்னால் இருக்கும் மலையைப் பிடித்துக்கொள்ளும். அப்போது பூவுக்குப் பின்னால் கையை வைத்து, பொத்தானைப் பாதி அழுத்தி, ஃபோகஸ் ஆனதும் கையை எடுத்துவிட்டு முழுதும் அழுத்த வேண்டும். குளிரில் பாட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். மாற்றுப் பாட்டரியை உள்சட்டையில் வைத்துக்கொண்டேன். குடை பிடித்தது என் மனைவி. மழைக்கும் சரி, காற்றுக்கும் சரி.

குடையைப் பிடித்தபடியே அவள் சொன்னாள்: "பூவையே எடுத்துண்டிருக்கேளே, இலையையும் எடுங்கோளேன்!" நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஊர் திரும்பி, தாவரவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பரிடம் காட்டினேன். நீல பாப்பியைப் பார்த்த உடனே சொல்லிவிட்டார். தண்டின் முள் படத்தில் விழுந்திருந்தது. மஞ்சள் பூக்களில்தான் மாட்டிக்கொண்டேன். ஐந்து மஞ்சள் இதழ் பொட்டென்டில்லாவுக்கும் உண்டு, ரனன்குலஸுக்கும் உண்டு. பூவைத் திருப்பி அடியில் பார்க்க வேண்டும். செம்பருத்தியின் பச்சைக் கிண்ணத்துக்குக் கீழே குச்சி குச்சியாக இன்னொரு வரிசை இருக்கிறதல்லவா, அதுபோல் இரண்டாவது அடுக்கு இருந்தால் பொட்டென்டில்லா. ரனன்குலஸில் ஒரே அடுக்குதான். என்னிடம் இருந்த நாற்பது படமும் நேர் மேலிருந்து எடுத்தவை. "அழகாக இருக்கிறது. ஆனால் என்ன செடி என்று தெரியாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒரு செடி மட்டும் முழுசாகக் கிடைத்தது. அதுவும் அவளால்தான். ஹேம்குண்ட் ஏற்றத்தில், 4,000 மீட்டருக்கு மேல், வழிகாட்டிப் பையன் பிரம்ம கமலத்தைக் காட்டினான். "இதுவா? முட்டைகோஸ் மாதிரி இருக்கே!" என்றாள் குதிரை மேல் இருந்தபடி. நம்மில் பலர் தொட்டியில் வளர்த்து, ராத்திரி கண் விழித்துப் பார்க்கும் வெள்ளைப் பூ மெக்ஸிகோ பக்கத்துக் கள்ளி. கேதார்நாத்தில் சமர்ப்பிக்கும் பிரம்ம கமலம் சூரியகாந்திக் குடும்பம். காகிதம் போன்ற வெளிர்மடல்களுக்குள் ஊதாப் பூக்கள் ஒளிந்திருக்கும். அவளை நம்பவைப்பதற்காகவே மேலிருந்து, பக்கத்திலிருந்து, இலை, தண்டு, பக்கத்தில் என் பேனாவை வைத்து அளவு என்று பத்துப் படம் எடுத்தேன்.

எனக்கு இப்போது எழுபத்தைந்து. முழங்கால் இனிமேல் விடாது. நாற்பது படங்களும் கம்ப்யூட்டரில் 'மஞ்சள் பூ 1', 'மஞ்சள் பூ 2' என்றே கிடக்கின்றன. எந்தப் பாறை, எந்த ஓடைக்கரை என்று நேரத்தோடு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வரும் ஆகஸ்டில் நம்மவர் யாராவது போவதாக இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். நோட்டை நகல் எடுத்துத் தருகிறேன். செல்போனில் எடுத்தாலும் சரி. பூவைப் பறிக்காமல், ஒரு விரலால் மெல்லச் சாய்த்து, அடிப்பக்கம் ஒரு படம். இலை ஒரு படம்.