மாத்திரை இலவசம், செலவு யாருடையது?



சதுரங்கப்பட்டினத்தில் ஒரு தாய். மகனுக்கு மனச்சிதைவு நோய். மாதம் ஒரு முறை திருக்கழுக்குன்றம் வழியாக அவனைச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாத்திரை இலவசம். பெண்களுக்கு இலவசமான வெள்ளை போர்டு பேருந்து கிடைத்தால் தாய்க்கு டிக்கெட் செலவும் இல்லை. மருத்துவமனைப் பதிவேட்டில் இந்த வருகை ஒரு வரி. ஆனால் அன்று அவர் மீன் விற்கப் போகவில்லை. அந்தக் கூலியை யார் எழுதுவது?

1980களில் இங்கிலாந்தில் ஜெனிஃபர் பீச்சம், மார்ட்டின் நாப் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்காக ஒரு வினாப்பட்டியலைத் தயாரித்தார்கள். பெரிய மனநல மருத்துவமனைகளை மூடி, நோயாளிகளை ஊருக்குள் குடியமர்த்திய காலம் அது. அதுவரை ஒரே பேரேட்டில் இருந்த செலவு பல வாசல்களுக்குச் சிதறிப்போனது. அதனால் நோயாளியையும் வீட்டாரையுமே கேட்டார்கள்: கடந்த சில மாதங்களில் யாரைப் பார்த்தீர்கள், எத்தனை முறை, கூட யார் வந்தார், எத்தனை நாள் வேலை போனது? பிறகு ஒவ்வொன்றுக்கும் விலை போட்டார்கள். அந்தப் பட்டியல் பல நாடுகளுக்குப் போனது. பெங்களூர், ராவல்பிண்டி பகுதிகளின் செலவை ஒப்பிட்ட ஆய்வு 2000-இல் வெளிவந்தது.

நம் கடற்கரைக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது. இங்கே பல குடும்பங்கள் டாக்டரிடம் வருமுன் கோயிலுக்கும் தர்காவுக்கும் மந்திரிப்பவரிடமும் போயிருக்கும். தாயத்துக்கும் வேண்டுதலுக்கும் ஆன செலவைக் கேட்காத படிவம் பாதிப் படிவம்தான். ‘கடந்த மூன்று மாதத்தில்’ என்று கேட்டால் பதில் வராது, ‘ஆடிக்குப் பிறகு’ என்றால் வரும். கூலி வேலைக்காரர் இழந்த நாளுக்கு விலை சொல்லலாம். படகில் பங்குக்குப் போகிறவருக்கு? மீன்பாடு நல்ல நாளில் கை நிறையும், கடல் பொய்த்த நாளில் வெறுங்கை. சராசரி எடுக்கலாம்தான், ஆனால் எந்தப் பருவத்துச் சராசரி என்று அந்த வீட்டாரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

நாடுகளை ஒப்பிடும்போது இன்னொரு சிக்கல். வங்கி மாற்று விகிதத்தில் ரூபாயை டாலராக்கினால் நம் செலவு அற்பமாகத் தெரியும். அதனால் அதே பொருளை இங்கே வாங்க எத்தனை ரூபாய் வேண்டும் என்று பார்த்து மாற்றுகிறார்கள். இது நியாயமான முறை. ஆனால் தாயின் உழைப்புக்கு முதலிலேயே சுழியம் போட்டிருந்தால் எந்த விகிதமும் அதை மீட்டுத் தராது. குறைந்த செலவில் மனநல சேவை தருவதாகச் சொல்லும் நாடு, மிச்சத்தை வீட்டார் தலையில் ஏற்றியிருக்கிறதா என்று நான் முதலில் பார்ப்பேன்.

இந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் முயற்சி ஒன்று நம் பகுதியிலேயே நடந்தது. செங்கல்பட்டு இன்னும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த காலம். 2009, 2010 ஆண்டுகளில் காஞ்சிபுரம், கோவா, சதாரா ஆகிய இடங்களில் மனச்சிதைவு உள்ள 282 பேர் ஓர் ஆய்வில் சேர்ந்தார்கள். தமிழகப் பணியைச் சென்னையின் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃப் நடத்தியது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான மருத்துவச் சிகிச்சை. மற்றவர்களுக்கு அந்தச் சிகிச்சை கிடைத்ததோடு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஊழியர்கள் அவர்கள் வீடு தேடியும் போனார்கள். மாத்திரையை நினைவூட்டினார்கள், குடும்பத்தோடு பேசினார்கள், மறுபடி வேலைக்குப் போக வழி பார்த்தார்கள். 2014-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. மொத்தத்தில் பலன் மிதமானது. நோய்க்குறிகளும் இயலாமையும் தெளிவாகக் குறைந்தது தமிழகக் கிராமங்களில்தான். செலவோ கூடியது: வீட்டு வருகைக்கும், ஊழியர்களை மேற்பார்வையிடுவதற்கும்.

இதைக் காட்டி ‘செலவு அதிகம், வேண்டாம்’ என்று ஒதுக்கிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊழியர் சதுரங்கப்பட்டினத்துக்குப் போன செலவு அரசுக் கணக்கில் ஏறுகிறது. அவர் போகாவிட்டால் அதே தூரத்தைத் தாய் கடக்கிறார், அது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. மாவட்ட மனநலத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும்போது வீட்டு வருகைக்கென்று தனித் தலைப்பு வேண்டும். கூட வருபவர் இழந்த கூலியையும் நோயாளியின் அட்டையிலேயே குறித்து வர வேண்டும். ஓராண்டு குறித்தாலே போதும், அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டுக்குக் கையில் ஒரு கணக்கு இருக்கும்.