நுண்பணி மென்பொருளின் அமைப்பும் இயக்கமும்
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கணினித் துறையார் ‘மைக்ரோசர்வீசு’ என வழங்குவதைத் தமிழில் சிலர் ‘நுண்சேவை’ என்கின்றனர். சேவை வடசொல், பணி என்னும் சொல் இருக்க அதனை நாட வேண்டுவதில்லை. ஒரு பெரிய மென்பொருளைத் தனித்தனியே இயங்கவல்ல சிறு பணிகளாகப் பகுத்து, அவை தமக்குள் தூது விடுத்துக் கலந்து இயங்குமாறு அமைப்பதே நுண்பணி முறை.

இச்சொல் 2011இல் இத்தாலியின் வெனிசு நகருக்கு அருகே கூடிய மென்பொருள் வல்லுநரிடையே எழுந்தது. 2014இல் சேம்சு உலூயிசு, மார்ட்டின் பவுலர் இருவரும் எழுதிய கட்டுரையால் உலகெங்கும் பரவிற்று. ஆயின் தேவை அதற்கு முன்பே தோன்றிவிட்டது. 2008இல் நெட்பிளிக்சு நிறுவனத்தின் தரவுத்தளம் சிதைந்து, மூன்று நாள் வாடிக்கையாளர்க்குப் படத்தட்டு அனுப்ப இயலாமற் போயிற்று. எல்லாம் ஒன்றையே நம்பி நின்றதால் வந்த கேடு அது. அதன்பின் அந்நிறுவனம் தன் மென்பொருளைப் பகுத்துப் பகுத்து வேறிடம் மாற்றி முடிக்க 2016 ஆயிற்று.

நாஞ்சில் நாட்டார்க்கு இது புதிதன்று. 1906இல் கட்டி முடிந்த பேச்சிப்பாறை அணையின் நீர் கால்வழி ஓடிக் குளங்களை நிரப்புகிறது. ஊருக்கு ஊர் குளம். குளத்துக்கு மடையும் மறுகாலும் உண்டு. ஒரு மடை பழுதானால் அதன் பாசன வயல் வாடுமேயன்றி நாடு முழுதும் வாடாது. எனினும், மேற்குளக் கரை உடைந்தால் அவ்வெள்ளம் கீழ்க்குளக் கரையையும் உடைத்துச் செல்லும் என்பதை உழவர் அறிவர். நுண்பணியிலும் இதே இடர் உண்டு. ஒரு பணி விடை தராமல் தாழ்க்கும். அதனை எதிர்நோக்கி நிற்கும் பணியும் தேங்கும். அதனை நம்பிய பிறிதொன்றும் தேங்கும். ஆகவே ஒவ்வொரு வேண்டுகைக்கும் கால வரம்பு வேண்டும். பன்முறை தவறிய பணிக்குச் சிறிது பொழுது வேண்டுகையே அனுப்பாது அடைத்து வைத்தலும் வேண்டும். மடைப்பலகை இறக்குவது போன்றதே இது.

தமிழ் அகரமுதலி ஒன்றைக் கைப்பேசிக்கென அமைப்பதாகக் கொள்க. சொல்தேடல், அகரவரிசைப்படுத்தல், புணர்ச்சி பிரித்தல், ஒலிப்பு, பயனர் கணக்கு என ஐந்து பணிகள். ஒவ்வொன்றுக்கும் தனித் தரவுத்தளம். ஒன்றன் தரவில் மற்றொன்று கைவைத்தலாகாது, கேட்டே பெறுதல் வேண்டும். கேட்கும் முறையும் விடையின் வடிவமும் முன்னரே எழுதி வைக்கப்பட வேண்டும். பயனர் வருவது ஒரே வாயில் வழி. அவ்வாயிலே வேண்டுகையை உரிய பணிக்கு அனுப்பும்.

இங்கே தமிழுக்கே உரிய சிக்கல்கள் இரண்டு உள. முதலாவது, ‘கொ’ என்னும் எழுத்தை ஒருங்குறியில் ககரத்தோடு ஒகரக்குறி ஒன்றையே சேர்த்தும் பதியலாம். எகரக்குறி, கால்குறி எனப் பிரித்தும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ வேறு வேறு. ஒரு பணி ஒருவகையாகவும் மற்றது மறுவகையாகவும் பதிந்தால், அகரமுதலியில் உள்ள ‘கொடை’யையே ‘இல்லை’ என்று சொல்லும். வாயிலிலேயே ஒருவடிவாக்கி உள்ளே விடுதல் வேண்டும். இரண்டாவது, ஒருங்குறியின் எண்வரிசை தமிழ் நெடுங்கணக்கு வரிசையன்று. அதில் னகரம் நகரத்தை அடுத்து நிற்கிறது. ழகர ளகரங்கள் வகரத்துக்கு முன்னே நிற்கின்றன. எண்வரிசையை அப்படியே நம்பினால் ‘மரம்’ என்பதற்கு முன்பே ‘மனம்’ வந்துவிடும். பள்ளி மாணவனும் நகைப்பான்! வரிசைப்படுத்தலைத் தனிப் பணியாக வைத்தால் இப்பிழையை ஓரிடத்தில் திருத்தினாற் போதும்.

இயக்கும் முறைக்கு வருவோமாயின், ஒவ்வொரு பணியும் தனக்கு வேண்டிய துணைநிரல்களோடு ஒரு கொள்கலனில் அடைக்கப்படும். 2013இல் வெளிவந்த டாக்கர் இதனை எளிதாக்கிற்று. கொள்கலன்கள் பலவாகும்போது அவற்றைக் கண்காணித்து, வீழ்ந்ததை எழுப்பி, கூட்டம் மிகுந்தால் படியெடுத்துப் பெருக்க ஒரு மேலாள் வேண்டும். கூகுள் 2014இல் வெளியிட்ட குபர்நெட்டீசு அத்தகையது. அப்பெயர் கிரேக்க மொழியில் கப்பலோட்டியைக் குறிக்கும். மீகாமன் என்ற பழந்தமிழ்ச் சொல் அதற்கு எத்துணைப் பொருத்தம்! குளச்சற் கடலோரத்தார் இதனை உரிமையோடு வழங்கலாம்.

ஆனால் மூவர் நால்வர் கூடிச் செய்யும் சிறு முயற்சிக்கு இத்தனையும் வேண்டுமா? வேண்டா. 2023இல் அமேசான் பிரைம் வீடியோவின் ஒரு குழு, படத்தின் தரத்தைக் கண்காணிக்கும் தன் மென்பொருளைப் பல கூறாகப் பகுத்திருந்ததை மீண்டும் ஒன்றாக்கி, அதன் செலவை 90 விழுக்காட்டுக்கு மேல் குறைத்தது. மென்பொருளின் அமைப்பு அதைச் செய்வோர் குழுவின் அமைப்பையே ஒத்திருக்கும் என மெல்வின் கான்வே 1968இலேயே எழுதினார். ஒரே மேசையைச் சுற்றி இருப்போர்க்கு ஒரே மென்பொருள் போதும். உள்ளே எல்லைகளை மட்டும் தெளிவாக வகுத்துக்கொள்க. வளர்ந்தபின் பகுத்தல் எளிது.

பகுத்து இயக்குவோர், ஒவ்வொரு வேண்டுகைக்கும் ஓர் அடையாள எண் தந்து அஃது எப்பணியில் எத்தனை நொடி தங்கிற்று எனப் பதிவேட்டில் எழுதச் செய்க. இல்லையேல் பிழை எங்கே என்று ஐந்து வீட்டுக் கதவையும் தட்ட நேரும். பொதுமக்களுக்குத் திறப்பதன் முன் ஒருநாள் ஒலிப்புப் பணியை வேண்டுமென்றே நிறுத்திவிடுக. அப்போதும் சொல்லும் பொருளும் திரையில் வந்தால் திறக்கலாம். வெற்றுத்திரை வந்தால் மடைப்பலகையை இன்னொரு முறை பார்த்துச் சரிசெய்க.