மொக்கு உங்கள் கையில்

சேலத்துக்குத் தெற்கே, பனமரத்துப்பட்டியில் ஒரு பெரிய ஏரி. சேலத்துக்குக் குடிநீர் தர 1911-இல், வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. கரையைப் பலமாகத்தான் கட்டினார்கள். மழையைக் கட்ட முடியுமா? பிற்பாடு சேலத்துக்கு மேட்டூர் தண்ணீர் வந்துவிட்டது. ஏரியோ வருஷக்கணக்கில் வறண்டு, சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. போட்ட கணக்கில் தப்பில்லை. வானத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது, அவ்வளவுதான்.

அதே ஊர்ப்பக்கம் அரளித் தோட்டங்கள் நிறைய. நடுவது, தண்ணீர் பாய்ச்சுவது, மலருமுன் மொக்காகப் பறித்துச் சேலம் பூ மார்க்கெட்டுக்கு அனுப்புவது வரை விவசாயி கையில். விலை? ஆயுத பூஜைக்கு எகிறும். பண்டிகை முடிந்தால் பறிகூலிக்கே கட்டாது. அதற்காக மொக்கைச் செடியில் விட்டால் பூத்து வீணாகும். விலை தெரிந்த பிறகு பறிக்கலாம் என்று அங்கே யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காக நகம் கடிக்கும் பிள்ளைகளே, உங்களைத்தான் சொல்கிறேன். எழுதுவது உங்கள் கையில் இருந்தது; முடிவு, அந்த மழையையும் விலையையும் போல, உங்கள் கையில் இல்லை. இன்று காலையும் சேலம் மார்க்கெட்டில் அரளி மூட்டைகள் வந்து இறங்குகின்றன.