பட்டியல் போடுவதும் ஒரு தொழில்தான்

(கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் தோட்டப்புற இளைஞர், யுவதிகளுக்காகப் போயா விடுமுறையன்று கொட்டாஞ்சேனையில் நடந்த சந்திப்பில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் நமது சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



கடை பூட்டியிருக்கும் ஒரு நாளில், உடுப்புத் துவைக்கிற வேலையைக் கூடத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சங்க வரலாறு பேசி உங்கள் நேரத்தை எடுக்கப் போவதில்லை. ஒரு தம்பியின் கதையோடு தொடங்குகிறேன்.

என்னிடம் சாதாரண தரம் வரை படித்த பையன். வெள்ளவத்தையில், காலி வீதியில் தற்செயலாகக் கண்டேன். என்ன வேலை என்று கேட்டதற்கு, "சேல்ஸ்மன் வேலை சேர்" என்றான். தேநீர் குடிக்கப் போய்ப் பேசும்போதுதான் விபரம் தெரிந்தது. எட்டு மாதமாக அவன் கடை வாசலில் நிற்கவே இல்லை. மேல் மாடிக் களஞ்சிய அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு சாறியாக விரித்து, படம் பிடித்து, பெயர், நிறம், விலை எழுதிக் கடையின் இணையத்தளத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். லண்டனிலும் டொரன்டோவிலும் இருப்பவர்கள் பார்த்து ஓடர் பண்ணுவது அவன் போட்ட பட்டியலைத்தான். "அது பெரிய வேலை இல்ல சேர், சும்மா போட்டோ புடிச்சு ஏத்துறதுதானே" என்றான்.

பிறகு இன்னொன்றும் சொன்னான். தீபாவளி மலிவு விற்பனைக்கு விலை மாற்றியபோது 14,500 ரூபாய் சாறி ஒன்று 1,450 ரூபாய் என்று ஏறிவிட்டது. யாரும் கவனிப்பதற்குள் மூன்று விற்றுப்போயின. நட்டத்தை இவன் சம்பளத்தில் இரண்டு தவணையாக வெட்டினார்கள். கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன், அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். வேலை சரியாக நடக்கும்போது அது "சும்மா ஏத்துறது". பிழை வந்த அன்று மட்டும் அது அவனுடைய பொறுப்பு. இதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும்.

பட்டியல் என்பது நமக்குப் புதிய சங்கதி இல்லை. நம் ஆட்கள் பறித்த கொழுந்து கொழும்புக்கு வந்து விற்கப்படுவதே ஒரு பட்டியலில்தான். 1883 ஜூலை 30 ஆம் திகதி சொமர்வில் கம்பனியின் காரியாலயத்தில் கொழும்பின் முதலாவது பகிரங்கத் தேயிலை ஏலம் நடந்தது. அன்றிலிருந்து தரகர் கம்பனிகள் ஏலத்துக்கு முன்பே பட்டியல் தயாரித்து, மாதிரித் தேயிலையோடு வாங்குவோருக்கு அனுப்புகின்றன. அதில் லொட் இலக்கம் இருக்கும், தொழிற்சாலையின் மார்க் இருக்கும், பி.ஓ.பி., பி.ஓ.பி.எப்., டஸ்ட் என்று தரம் இருக்கும், எத்தனை பொதி, எத்தனை கிலோ என்பது இருக்கும். வாங்குகிறவர் தோட்டத்தைப் பார்த்ததே இல்லை. மாதிரியைச் சுவைத்து, பட்டியலைப் பார்த்துக் கோடிக்கணக்கில் வாங்குகிறார். 2020 இல் கொரோனா ஊரடங்கு வந்து ஏல மண்டபத்தில் கூட முடியாமல் போனபோது, ஏப்ரல் மாதம் அந்த ஏலம் இணையத்துக்கு மாறியது. நூறு வருடத்துக்கு மேலான பழக்கத்தை அத்தனை சீக்கிரம் மாற்ற முடிந்ததற்கு ஒரு காரணம், பட்டியல் ஏற்கெனவே ஒழுங்காக, கட்டம் கட்டமாக இருந்ததுதான் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு பட்டியலும் உண்டு. அதில் நாமே பொருள். 1901 இல் வந்த தகர டிக்கெட் முறையில், இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளிக்கு ஒரு தகர வில்லை கொடுத்தார்கள். மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் இலக்கம், ஆளுக்கு ஓர் இலக்கம். இன்று நீங்கள் சாறிக்குப் போடுகிற எஸ்.கே.யூ. குறியீடு இருக்கிறதே, அதே அமைப்பு. நம் பூட்டன் அதைச் சுமந்துகொண்டு மலை ஏறினார். பேரப்பிள்ளை கணினியில் அதை டைப் பண்ணுகிறான். பட்டியலில் எண்ணப்பட்ட இடத்திலிருந்து பட்டியல் எழுதுகிற இடத்துக்கு வந்திருக்கிறோம். வந்த இடத்தில் தொழிலை முழுமையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் கோரிக்கை.

சரி, தொழிலுக்கு வருவோம். உங்களில் பலர் வேலை செய்யும் தளங்கள் வேர்ட்பிரஸ், அதற்கு மேல் வூகொமர்ஸ். இதை உள்ளடக்க முகாமைத்துவ முறைமை என்று சொல்வார்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தோட்டத்துச் செக்ரோலை நினைத்துக்கொள்ளுங்கள். கோடும் கட்டமும் முதலே போட்டிருக்கும், கணக்கப்பிள்ளை பெயரையும் கிலோவையும் எழுதினால் போதும். அதுபோலத்தான் இதுவும். பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்பது ஒரு புறம், பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்பது மறுபுறம். முன்பு ஒரு விலை மாற்றுவதற்கும் தளம் செய்தவரைத்தான் கூப்பிட வேண்டும். வேர்ட்பிரஸ் 2003 இல் வந்தது, வூகொமர்ஸ் 2011 இல் வந்தது. இரண்டும் இலவச மென்பொருள். அதனால்தான் சின்னக் கடைகளும் துணிந்து இறங்கின. தளம் செய்கிறவர் சில வாரத்தில் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதன் பிறகு வருடக்கணக்கான வேலை உங்கள் தலையில்.

அந்த வேலையில் முதல் சிக்கல் எழுத்துரு. கொழும்பில் அச்சகக்காரரும் கடைக்காரரும் இன்னமும் பாமினியில்தான் டைப் பண்ணித் தருகிறார்கள். அதை அப்படியே எடுத்துத் தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாக விழும். தமிழாகத் தெரிவது அந்த எழுத்துரு உள்ள கணினியில் மட்டும்தான். யுனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள். இல்லாவிட்டால் கூகுளும் கண்டுபிடிக்காது, கடையின் தேடல் பெட்டியும் கண்டுபிடிக்காது.

தேடல் என்றதும் பெயர் விஷயம் வருகிறது. வெள்ளவத்தை அக்கா "சாறி" என்று தேடுவார். நம் அம்மா "சீலை" என்பார். சென்னைக்காரர் "புடவை", "சேலை" என்பார். சிங்கள வாடிக்கையாளர் "சாரிய" என்பார். ஆங்கிலத்தில் எழுதுவதற்கே இரண்டு முறை உண்டு. டேக் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வேர்ட்பிரஸின் சாதாரணத் தேடல் தலைப்பையும் விபரத்தையும்தான் பார்க்கும், டேக்கைப் பார்க்காது. ஆகவே இந்தச் சொற்களை விபரத்துக்குள்ளேயே இயல்பாக எழுதிவிடுங்கள். இந்த ஓர் இடத்தில், மூன்று பாஷையும் காதில் விழ வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைக்கு நிகராக எந்தக் கம்பனிக்காரனும் இல்லை. கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ளலாம், தப்பில்லை.

ஒரே சாறி ஐந்து நிறத்தில் வந்தால் ஐந்து பொருளாகப் போடாதீர்கள். "வேரியபிள்" என்ற வகையில் ஒரே பொருளாகப் போட்டு, நிறத்தை அதற்குள் பிரியுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் குறியீடும் தனி இருப்பும் கொடுக்கலாம். குறியீடு எழுத்தில் தொடங்கட்டும். 00125 என்று போட்டால் எக்செல் முன்னால் உள்ள சைபர்களை விழுங்கி 125 ஆக்கிவிடும், பிறகு பழைய பொருளோடு பொருந்தாது. விலைக்குள் காற்புள்ளி போடவே வேண்டாம். மொத்தமாக ஏற்றும் சி.எஸ்.வி. கோப்பில் காற்புள்ளிதான் அடுத்த கட்டத்தைப் பிரிக்கிற குறி. 14500 என்று வெறுமனே எழுதுங்கள். ஏற்றி முடிந்ததும் பட்டியலை விலை ஏறுவரிசைப்படி அடுக்கிப் பாருங்கள். சைபர் விட்டுப்போன விலை எல்லாம் மேலே வந்து நிற்கும். ஐந்து நிமிட வேலை. அந்தத் தம்பிக்கு இதை யாராவது சொல்லியிருந்தால் இரண்டு மாதச் சம்பளத்தில் வெட்டு விழுந்திருக்காது.

இதைவிடப் பெரிய தலைவலி, ஒரு களஞ்சியத்துக்கு இரண்டு வாசல் இருப்பது. கடைசிச் சாறியைக் கீழே கவுண்டரில் ஒருவர் வாங்கிப் போய்விடுவார். அதே நேரம் தளத்தில் இன்னொருவர் காசும் கட்டிவிடுவார். தளத்தில் விற்றால் அங்கே இருப்பு தானாகக் குறையும். கவுண்டரில் விற்றது தளத்துக்குத் தெரியாது. பில் போடும் மெஷினையும் தளத்தையும் இணைக்க வழி இருக்கிறது, செலவும் இருக்கிறது. முதலாளி அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால், இணைய விற்பனைக்கென்று ஒரு பகுதியைத் தனி றாக்கையில் ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டும் இல்லை, "பின்னேரம் கடை பூட்டின பிறகு பார்த்து மாத்து" என்றால், அந்த ஒரு மணித்தியாலம் மேலதிக நேர வேலை என்பதை அப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கம், செட்டியார் தெரு நகைக் கடைகளில் இருக்கும் தங்கச்சிமாருக்கு வேறு கணக்கு. தங்க விலை நாளுக்கு நாள் மாறுகிறது. ஒவ்வொரு நகைக்கும் விலை எழுதி வைத்தால் தினமும் காலையில் அத்தனையையும் திருத்த வேண்டிவரும். எடை, கரட், செய்கூலி ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டங்களில் வைத்து, அன்றைய பவுண் விலையை ஓரிடத்தில் மட்டும் மாற்றினால் மற்றவை தானாகக் கணக்காகும்படி அமைக்கலாம். அதற்கான பிளக்இன் இருக்கிறது. இதை நீங்களாகவே முதலாளிக்குச் சொன்னால் உங்கள் மதிப்பு தெரியும்.

இப்போது பாஸ்வேர்ட். அந்தத் தம்பியின் கடையில் நான்கு பேருக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்ட். 1,450 என்று அடித்த விரல் யாருடையது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பட்டியல் வேலை செய்கிறவன் அவன் என்பதால் அவன் தலையில் விழுந்தது. வேர்ட்பிரஸில் ஆளுக்கொரு கணக்குத் திறக்கலாம். உங்களுக்கு "ஷொப் மெனேஜர்" தரம் போதும், அட்மின் தேவையில்லை. ஆனால் கவனியுங்கள், விலையை யார் எப்போது மாற்றினார் என்ற பதிவு தானாக வராது, அதற்கும் தனி பிளக்இன் போட வேண்டும். போடச் சொல்லிக் கேளுங்கள். பிரட்டுக் களத்தில் அரைப் பேர் போட்டார்களா, முழுப் பேர் போட்டார்களா என்று செக்ரோலைக் காட்டச் சொல்லி நம் பெற்றோர் கேட்டார்களே, அதே கேள்விதான். விலை மாற்றுவதற்கு வாய்ச் சொல்லை ஏற்காதீர்கள். துண்டிலோ வட்ஸ்அப்பிலோ எழுத்தில் வாங்கி வையுங்கள்.

அதே போல நமக்கும் ஒழுங்கு வேண்டும். வாடிக்கையாளரின் பெயர், விலாசம், தொலைபேசி எல்லாம் அந்தத் தளத்துக்குள் இருக்கிறது. படம் எடுத்துக் கூட்டாளிக்கு அனுப்புகிற வேலை வேண்டாம். 2022 இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. கோபத்தில் வேலையை விட்டுப் போகும்போது பாஸ்வேர்டை மாற்றிவிட்டுப் போனான் என்று ஒரு கதை கேட்டேன். சங்கம் அப்படிப்பட்டவருக்காகப் பேச முடியாது.

உரிமைக்கு வருகிறேன். கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954 இன் 19 ஆம் இலக்கச் சட்டம். வேலைக்குச் சேரும்போது உங்கள் பதவி, சம்பளம், வேலை நேரம் முதலிய விபரங்களை முதலாளி எழுத்தில் தர வேண்டும். ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் என்றால் ஒன்றரை மடங்கு. சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதம், முதலாளியிடமிருந்து 12 வீதம், நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மட்டும் 3 வீதம். இதெல்லாம் உங்களில் சிலருக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், கடிதத்தில் "விற்பனை உதவியாளர்" என்று மட்டும் இருந்தால், நீங்கள் செய்யும் பட்டியல் வேலைக்குச் சாட்சி எதுவும் இல்லை. நாளைக்கு வேறு கடைக்குப் போனால் மறுபடியும் வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்றுதான் தொடங்க வேண்டும். "இணைய விற்பனைப் பட்டியல் தயாரிப்பு" என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். காசு கேட்பதற்கு முன்னால் அந்த வரியைக் கேளுங்கள். அது கிடைத்தால் காசைப் பற்றிப் பேச ஓர் இடம் கிடைக்கும்.

செய்த வேலையின் மாதிரிகளையும் சேர்த்து வையுங்கள். எல்லோரும் பார்க்கும் பக்கங்களின் படம், எத்தனை பொருள் ஏற்றினீர்கள் என்ற குறிப்பு, இவ்வளவும் போதும். படித்த சான்றிதழ் இல்லாதவர்களின் அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.க்யூ. தகைமை வழங்கும் வழி நைட்டாவில் இருக்கிறது. உங்கள் வேலை எந்தத் துறைக்குள் பொருந்தும் என்று கூட்டமாகப் போய்க் கேட்போம், நான் வருகிறேன்.

சம்பளத்தில் வெட்டிய விஷயம். எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது என்பதற்குச் சட்டத்தில் வரையறை இருக்கிறது. முதலாளி நினைத்தபடி வெட்ட முடியாது. நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். அந்தத் தம்பி முறையிட விரும்பவில்லை, வேலை போய்விடும் என்ற பயம். அவனை நான் வற்புறுத்தவில்லை. ஆனால் சம்பளத் துண்டை எறியாமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த போயாவுக்கு வரும்போது நியமனக் கடிதத்தின் பிரதி கொண்டுவாருங்கள். கடிதமே இல்லாதவர்கள் கட்டாயம் வாருங்கள். இப்போது செட்டியார் தெருவில் வேலை செய்யும் தங்கச்சி ஒருவர், எடைக்கு விலை கணக்காகும்படி தான் அமைத்த பட்டியலைத் திறந்து காட்டப் போகிறார். மடிக்கணினித் திரை சின்னது. கதிரைகளைக் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.