நீண்ட விரல்கள் உணர்த்துவது

பெரார்கஞ்ச் முதலிய அந்தமான் ஊர்களில் வாழும் தமிழ் நேயர்களே!

உடலுறுப்புகளைப் பிணைத்துத் தாங்குவது இணைப்புத் திசு. அது பிறவியிலேயே நலிந்திருக்கும் அரிய நோய்களுள் ஒன்று மார்ஃபான் நோய். 1896-இல் பிரெஞ்சு மருத்துவர் மார்ஃபான், ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் நீண்ட விரல்களைக் கண்டு எழுதினார். அவர் பெயரே நோய்க்கும் ஆயிற்று. ஃபைப்ரில்லின் என்னும் புரதத்துக்குரிய மரபணுவின் பிழையே காரணம் என்பது 1991-இல் தெளிவாயிற்று. ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு இது உண்டு.

நெடிதுயர்ந்து மெலிந்த உடல், நீண்ட கைகால்கள், வளைந்த முதுகெலும்பு, இளமையிலேயே கடுமையான கிட்டப்பார்வை ஆகியவை சேர்ந்து காணப்படின் மருத்துவரிடம் காட்டுதல் நன்று. நெடியோர் அனைவரும் நோயாளர் அல்லர். ஆயினும் பிள்ளையை 'ஒட்டடைக்குச்சி' என்று நாம் செய்யும் கேலிக்குள் ஓர் எச்சரிக்கை மறைந்திருக்கக்கூடும். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி ஓசையின்றி விரிந்து, ஒருநாள் கிழிந்துவிடலாம். வலியற்ற எக்கோ சோதனை அதனை முன்னரே காட்டும். மருந்தும் அறுவை சிகிச்சையும் உயிர் காக்கும்.

பெற்றோருள் ஒருவருக்கு இருப்பின் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி வாய்ப்பு உண்டு. நோயுற்றோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கோ, குடும்பத்தில் எவருக்கும் இன்றிப் புதிதாகத் தோன்றுகிறது. ஆதலின் தாயைப் பழிப்பதும் முன்வினை என்பதும் தகா.

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேயரில் ஜி. பி. பந்த் மருத்துவமனை உள்ளது. அதற்கு மேலும் சிகிச்சை வேண்டின் கடல் கடக்க நேரும். அன்று துணைக்குச் செல்வதும், சென்னையில் தங்க இடம் காட்டுவதும், இங்குள்ள வீட்டைக் காப்பதும் நம் கடமை. உறவினரைப் பிரிந்து தீவில் வாழும் நமக்கு நாமே உறவு.