விளம்புவதும் விளம்பரமும்

(விழாவையொட்டி நடைபெற்ற மகளிர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இல்லத்திலிருந்தே சிறுதொழில் செய்வோர் தம் பொருளை விளம்பரம் செய்ய எவ்வழியைத் தேர்ந்துகொள்வது என்பது குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்த எனக்கு வணிகத்தில் என்ன தெரியும் என்று நீங்கள் எண்ணலாம். ஓய்வுபெற்ற பின்னர் என் தம்பி மனைவி தொடங்கிய சத்துமாவுத் தொழிலுக்கு விளம்பரம் எழுதிக் கொடுத்தவள் நான். அதில் கற்றதையும் இடறியதையும் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். 'விளம்புதல்' என்பதற்குச் சொல்லுதல், வெளிப்படுத்துதல் என்னும் பொருள்கள் உண்டு. உணவு பரிமாறுதல் என்னும் பொருளும் உண்டு. வாயால் சொல்வதற்கும் இலையில் இடுவதற்கும் நம் மொழி ஒரே சொல்லை வைத்திருக்கிறது. சொன்னதும் இலையில் விழுந்ததும் ஒன்றாக இருக்குமானால் அதுவே நல்ல விளம்பரம்.

விளம்பரம் நமக்குப் புதியதன்று. மதுரைக்காஞ்சியும் பட்டினப்பாலையும் கடைகளின்மேல் பறந்த கொடிகளைக் காட்டுகின்றன. எழுத்தறியாதவனும் கொடியைக் கண்டு அங்கே என்ன விற்கிறது என்று அறிந்தான். அதே பட்டினப்பாலை, வாங்கும்போது கூடுதலாகவும் விற்கும்போது குறைவாகவும் அளக்காத காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றுகிறது. கொடி கடைவரை அழைத்து வரும். மறுமுறை வரச் செய்வது அளவும் சொல்லுமே.

என் தம்பி மனைவி கேழ்வரகு, கம்பு, பயறு, வெந்தயம் முதலியவற்றை வறுத்து அரைத்து, அரைக்கிலோப் பொட்டலங்களாக விற்றாள். ஒரு பொட்டலத்தில் அவளுக்கு மிஞ்சியது 30 ரூபாய். "அண்ணி, நீங்கள்தாம் எழுதித் தரவேண்டும்" என்று அவள் கேட்டபோது எனக்குப் பெருமிதமாக இருந்தது. 3,000 துண்டறிக்கைகள் அச்சிட்டோம். காலை நாளிதழ்களோடு செருகிக் கொடுக்கச் செய்தோம். அச்சுக்கும் செருகுகூலிக்குமாக 4,400 ரூபாய் ஆயிற்று. அதைப் பார்த்து வந்த புதியவர்கள் 11 பேர். ஒருவரை அழைத்துவர 400 ரூபாய்! அவர் 14 பொட்டலங்கள் வாங்கிய பிறகுதான் அந்தச் செலவே ஈடாகும்.

அடுத்த மாதம் வேறொன்று செய்தோம். ஒருவேளைக் கஞ்சிக்குப் போதுமான மாவைச் சிறு பொட்டலமாகக் கட்டி, அறிந்த 40 வீடுகளுக்குக் கொடுத்தோம். ஒன்றுக்கு 15 ரூபாய் வீதம் 600 ரூபாய் செலவு. அவர்களுள் 12 பேர் தொடர்ந்து வாங்கத் தொடங்கினர். ஒருவருக்கு 50 ரூபாய். இரண்டு பொட்டலங்களில் ஈடாகிவிட்டது. துண்டறிக்கையே வீண் என்று நான் கூறவில்லை. தையற்கலை, தனிப்பயிற்சி வகுப்பு போன்ற, அண்டைத் தெருக்களுக்குள் அடங்கும் தொழில்களுக்கு அது பயன்படும். உண்ணும் பொருளை நாவே தேர்கிறது. தாளைப் படித்து எவரும் சுவையறிவதில்லை.

ஆகவே, காசை எடுக்குமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். என் பொருளை வாங்குபவர் யார்? அவர் எங்கே இருக்கிறார்? வாரத்திற்கு என்னால் எவ்வளவு செய்து தர இயலும்? ஒரு புதியவரை அழைத்துவர எவ்வளவு செலவிட முடியும்? மூன்றாம் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வாரம் 15 கிலோ செய்யும் கைகளுக்கு 100 கிலோவுக்கான அழைப்பு வந்தால், அது வரமன்று. வாக்குத் தவறுவதற்கான வழி.

இவற்றுக்கு விடை கண்டபின் வழிகளைத் தேர்வது எளிது. கைப்பேசியில் புலனம் என்று நாம் வழங்கும் வாட்ஸ்அப்பின் வணிகச் செயலி 2018இல் வந்தது, கட்டணமில்லை. பொருளின் படத்தையும் விலையையும் பட்டியலாக வைக்கலாம். அதன் ஒலிபரப்புப் பட்டியலில் செய்தி அனுப்பினால், நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்க்கே அது சென்றடையும். வேண்டாதவரை நச்சரிக்காதிருக்க அது நல்ல தடை. உறவினர் குழுக்களில் நாள்தோறும் படம் அனுப்பினாலோ, வாழ்த்துச் சொல்ல வந்தவரும் விலகிப்போவர். கூகுள் நிலப்படத்தில் நம் தொழிலின் பெயரைக் கட்டணமின்றிப் பதியலாம். பொருளை நாமே கொண்டுசென்று கொடுப்பதாயின், வீட்டு முகவரியை மறைத்து, சென்று சேரும் பகுதிகளை மட்டும் காட்டலாம். தனித்திருக்கும் பெண்கள் இதை நினைவிற்கொள்ளவேண்டும். புதிதாக வருவோர் ஒவ்வொருவரையும், "எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?" என்று கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். மூன்று மாதத்தில் எந்த வழி பயன் தருகிறது என்பதை அந்தக் குறிப்பேடே சொல்லிவிடும்.

1959 மார்ச் 15ஆம் நாள் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் பெற்று அப்பளம் இடத் தொடங்கினர். அதுவே லிஜ்ஜத் அப்பளம். தொலைக்காட்சியில் முயல் பொம்மையோடு அதன் விளம்பரம் வந்தது பல ஆண்டுகள் கழித்தே. முதலில் அப்பளம் பேசியது. பிறகுதான் முயல் பேசியது.

இனி, சொல்லத் தயங்கும் ஒன்றைச் சொல்லவேண்டும்.

நான் எழுதிய அத்துண்டறிக்கையின் தலைப்பு, "சர்க்கரை நோய்க்குச் சாவுமணி" என்பது. மோனை அழகாக அமைந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். மாவில் வெந்தயம் இருந்தது; வெந்தயம் நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள்; அவ்வளவே என் ஆராய்ச்சி. அடுத்த தெருவில் இருந்த ஓய்வுபெற்ற அஞ்சல்காரர் அதைப் படித்து மாவு வாங்கினார். மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டார். சில வாரங்களில் மயங்கி விழுந்து, ஐந்து நாள் மருத்துவமனையில் கிடந்தார். நல்வினையால் பிழைத்து வந்தார்.

அவருடைய மனைவி என் வீட்டிற்கு வந்தார். கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. மடித்து வைத்திருந்த துண்டறிக்கையை நீட்டி, "டீச்சர் எழுதியிருக்காங்கன்னா சரியாத்தான் இருக்கும்னு சொன்னாரும்மா" என்றார். அத்தனை ஆண்டுகள் வகுப்பறையில் நான் ஈட்டிய நம்பிக்கையை ஒரு மோனைக்கு விற்றிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றிரவு உறக்கமில்லை. வாய்மையை நோன்பாகக் கொண்ட மரபில் பிறந்த எனக்கு, பொய் என்பது பிறரை ஏமாற்ற எண்ணிச் சொல்வது மட்டுமன்று, அறியாததை அறிந்ததுபோல் சொல்வதுமே என்று அவ்வம்மையார் உணர்த்திச் சென்றார்.

பின்னரே சட்டத்தையும் படித்தேன். உணவு குறித்துத் தவறான எண்ணம் தரும் விளம்பரத்திற்கு, 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய்வரை தண்டம் விதிக்கலாம். வீட்டில் சமைத்து விற்போரும் உணவுப் பாதுகாப்புப் பதிவு பெறவேண்டும். அப்பதிவின் 14 இலக்க எண் பொட்டலத்தில் இருக்கவேண்டும். ஆயினும், சட்டம் அச்சுறுத்தியதைவிட அந்த மடித்த தாளே என்னை அதிகம் அச்சுறுத்தியது.

எஞ்சிய துண்டறிக்கைகளைக் கிழித்துப் போட்டோம். வாங்கிய வீடுகள் அனைத்திற்கும் நானே நடந்து சென்று, "இது உணவு, மருந்தன்று. மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்று சொன்னேன். புதிய தாளில் சேர்பொருள்கள், எடை, அரைத்த நாள், பயன்படுத்தவேண்டிய காலம், விலை, தொலைபேசி எண் ஆகியவற்றை மட்டும் எழுதினேன். இரண்டு மாதம் விற்பனை குறைந்தது. தம்பி மனைவி முகம் வாடினாள். ஆனால் பழைய வாசகத்தை மீண்டும் எழுதுமாறு ஒருநாளும் கேட்கவில்லை. இன்று பெரிய தொழிலாக வளர்ந்துவிடவில்லை. குறிப்பேட்டில் 70 வீடுகள் இருக்கின்றன. அவற்றுள் அந்த அஞ்சல்காரர் வீடும் ஒன்று. மாத்திரையோடு கஞ்சியும் குடிக்கிறார்.

சகோதரிகளே! கைப்பேசியோ, துண்டறிக்கையோ, மாதிரிப் பொட்டலமோ, உங்கள் பொருளுக்கும் பைக்கும் ஏற்றதைத் தேர்ந்துகொள்ளுங்கள். தேர்ந்தபின், எழுதிய வாசகத்தை நீங்கள் மதிக்கும் ஒருவர் முன் உரக்கப் படித்துப் பாருங்கள். குரல் தடுமாறாத வாசகத்தை மட்டும் அச்சுக்கு அனுப்புங்கள்.