சத்தம் குறைத்து ஒரு மேட்ச்

கால்பந்து உலகக் கோப்பை வந்துவிட்டால் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கமும் மூணாறு எஸ்டேட் லயங்களும் ஒன்றுதான். பெரிய திரை, பட்டாசு, விசில். மூணாறோ, பின்லே ஷீல்டு என்ற கால்பந்துப் போட்டிக்காகத் தேயிலைத் தொழிலாளர்கள் பந்து உதைக்கும் மலை. ஆரவாரம் இல்லாமல் இருக்குமா?

ஆனால் ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு அந்த விசில் காதில் ஊசி குத்துவது போல. "அடம் பிடிக்கிறான்" என்று சொல்லிவிடுகிறோம். அடமில்லைங்க, வலி.

2022 கத்தார் உலகக் கோப்பையில் சில அரங்குகளுக்குள்ளேயே இந்தப் பிள்ளைகளுக்காக அமைதியான தனி அறை வைத்தார்கள். நம் வீட்டில் அதற்குச் செலவே இல்லை. டிவி சத்தத்தைப் பாதியாக்குங்கள். டியூப்லைட்டை அணைத்துச் சின்ன விளக்குப் போடுங்கள். யார் யார் வருகிறார்கள் என்று முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். பக்கத்து அறையில் பாயும் போர்வையும் இருக்கட்டும். வேண்டும்போது போவான், வருவான். மிக்சர் வேண்டாமா, அவனுக்குப் பிடித்த தயிர்சோறே போதும்.

கோல் விழுந்தால் கத்தாமல் இரு கைகளையும் உயர்த்தி அசையுங்கள். காது கேளாதவர்கள் கைதட்டும் முறை அது. பிள்ளைகள் உடனே பழகிவிடுவார்கள். மாமாக்களுக்குத்தான் ஒத்திகை வேண்டும்; கடைசி நிமிடப் பெனால்டியில் எல்லாம் மறந்துபோகும்!